உயிரின் தோற்றமும் ஓர் இலங்கை விஞ்ஞானியும்

தைத்திங்கள் முதல்நாளிலே முற்றத்தில் கோலமிட்டு, புதுப்பானை ஏற்றி, ஞாயிற்றை நோக்கிக் கைகூப்பும் மரபு நம்முடையது. உழவர்க்கு நெல் தந்தவன் கதிரவன் என்பதே அவ்வழிபாட்டின் பொருள். மலைநாட்டில் வாழும் நமக்கோ நெல்லுக்குப் பதில் தேயிலை. கவ்வாத்துச் செய்த செடி இலையின்றி வெறுங் கட்டையாய் நிற்கிறது; சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கிறது. அத்துளிருக்கு வேண்டிய உணவு எங்கிருந்து வந்தது? முன்னர் இலையில் விழுந்த வெயிலினால் உண்டாகி, மாப்பொருளாக வேரிலே சேமிக்கப்பட்டிருந்தது. ஆகவே, நாம் கொழுந்தென்று கிள்ளுவது ஒருவகையிற் பழைய வெயிலையே எனலாம்.

ஆயின் அதே வெயில் அழிக்கவும் வல்லது. கொடியில் நெடுநாட் கிடந்த சேலை வெளுக்கிறது. சுவரில் மாட்டிய படம் மங்குகிறது. ஒளி ஒரு பொருளின்மீது விழுந்து அதன் அணுக்கட்டை மாற்றும் முறையை ஆராயும் துறைக்கு ஒளி இரசாயனம் என்று பெயர். ஆக்கல், அழித்தல் ஆகிய இவ்விரண்டினுள், பூமியில் ஓர் இலைகூட இல்லாதிருந்த காலத்தில் ஒளி எதனைச் செய்தது? உயிருக்கு வேண்டிய மூலப்பொருள்களை அது ஆக்கியிருக்கக்கூடுமா? இவ்வினாவை ஆய்வுகூட விளக்கின் கீழ் வைத்துச் சோதித்தவர்களுள் முன்வரிசையில் நின்றவர் ஓர் இலங்கையர். காலியிலே பிறந்து, உலகெங்கும் புகழ்பெற்று, பின்னர் கண்டியிலே ஓர் ஆய்வு நிறுவனத்தை வழிநடத்திய பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும அவர்களே அவர். அவருடைய ஆராய்ச்சியின் வரலாற்றை நம் வாலிபரும் பெரியோரும் அறிந்துகொள்ளல் நன்று.

வினா பிறந்த கதை

அழுகிய இறைச்சியிற் புழு தானே பிறக்கும், ஊசிய உணவிற் கிருமி தானே தோன்றும் என்பது நெடுங்கால நம்பிக்கை. 1860களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வளைந்த கழுத்துடைய குடுவைகளிற் சாற்றைக் கொதிக்கவைத்து, வெளித்தூசி உட்புகாதவரை அதிற் கிருமி தோன்றாதென்று காட்டினார். உயிர் உயிரிலிருந்தே வரும் என்பது அதனால் உறுதிப்பட்டது. ஆனால் ஒரு முடிச்சை அவிழ்க்க இன்னொரு முடிச்சு விழுந்தது. உயிர் உயிரிலிருந்தே வருமெனின், முதலுயிர் எதிலிருந்து வந்தது?

1924 ஆம் ஆண்டில் உருசிய விஞ்ஞானி ஒபாரின் என்பவரும், 1929 ஆம் ஆண்டில் ஆங்கிலேயராகிய ஹோல்டேன் என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஏறக்குறைய ஒரே விடையைக் கூறினர். ஆதிப் பூமியின் வாயுமண்டலத்தில் இன்றுள்ளது போல் ஒட்சிசன் இருக்கவில்லை. ஒட்சிசன் இல்லையாகவே ஓசோன் படலமும் இல்லை. எனவே ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்கள் தடையின்றிக் கடலை எட்டியிருக்கும். எளிய வாயுக்களை அவை இணைத்து உயிர்ப்பொருள்களுக்கு வேண்டிய கூறுகளைக் கடலிலே சேர்த்திருக்கும் என்பது ஹோல்டேனின் கருத்து. இவ்வறிஞர் 1957 இல் இந்தியாவிற் குடியேறி, இந்தியப் பிரசையாகி, 1964 இல் புவனேசுவரத்திலே காலமானவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கருத்து கருத்தாகவே இருந்தது. 1953 இல் சிக்காகோவில் ஸ்டான்லி மில்லர் என்னும் இளம் மாணவர் மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் அடைத்து, மின்னலுக்கு ஒப்பாக மின்பொறியைச் செலுத்தினார். ஒரு கிழமை சென்றபின் அந்நீரிலே புரதங்களின் கூறுகளாகிய அமினோ அமிலங்கள் காணப்பட்டன. அன்று தொடங்கி, உயிரின் தோற்றம் பற்றிய பேச்சு மேடையை விட்டிறங்கி ஆய்வுகூடத்துள் நுழைந்தது எனலாம்.

மெய்யியலிலிருந்து இரசாயனத்துக்கு

சிறில் பொன்னம்பெரும 1923 ஆம் ஆண்டு ஒக்டோபர் 16 ஆந் திகதி காலியிலே பிறந்தார். இரசாயன மேதையென்று பின்னர் போற்றப்பட்ட இவர் முதலிற் பெற்ற பட்டம் இரசாயனத்தில் அன்று. சென்னைச் சர்வகலாசாலையின் மெய்யியற் பட்டத்தையே 1948 இல் இவர் பெற்றார். நான் யார், உலகம் எது, இவற்றின் தொடக்கம் எது என்று கேட்பது மெய்யியல். அவ்வினாக்களுள் ஒன்றை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு, அதற்கு விடைதேடும் கருவியை மாத்திரம் இவர் மாற்றிக்கொண்டார்.

பின்னர் இலண்டன் சென்று பேர்க்பெக் கல்லூரியிற் சேர்ந்தார். பகலெல்லாம் தொழில் செய்வோர் மாலையில் வந்து பயிலுவதற்கென வளர்ந்த கல்லூரி அது. அங்கே பேராசிரியராயிருந்த ஜே. டி. பேர்ணல் உயிரின் தோற்றம் பற்றி ஆழ்ந்து சிந்தித்து நூலெழுதியவர். அவருடைய தொடர்பு பொன்னம்பெருமவின் வழியை உறுதிசெய்தது. 1959 இல் இரசாயனத்திற் பட்டம் பெற்றபோது இவருக்கு வயது முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது. அதன்பின் அமெரிக்காவிலுள்ள கலிபோர்ணியாச் சர்வகலாசாலையின் பேர்க்லி நகர்ப் பகுதியில் மெல்வின் கல்வின் என்பாரிடம் மாணவராகி, 1962 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். பச்சையிலை ஒளியைக்கொண்டு காபனீரொட்சைட்டை வெல்லமாக்கும் வழியைப் படிப்படியாகக் கண்டறிந்து 1961 இல் நோபல் பரிசு பெற்றவர் இந்தக் கல்வின். அதே ஆண்டு 1962 இல் பொன்னம்பெரும அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்திற் பணி தொடங்கினார்.

இவ்வாண்டுக் கணக்கை நம் இளைஞர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். உயர்தரப் பரீட்சையில் ஒருமுறை தவறினால் வாழ்வே முடிந்ததென்று மனமுடைவோர் நம்மிடையே உளர். முப்பத்தைந்து வயதின்பின் தம் துறையின் முதற்பட்டத்தைப் பெற்ற ஒருவர், நாற்பதை எட்டு முன்னர் உலகம் வியக்கும் ஆராய்ச்சியை வெளியிட்டார். ஆயினும் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அவர் மெய்யியற் பட்டம் பெற்ற அதே 1948 இலேதான் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறித் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். தன் வழியைத் தானே மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு எல்லோர்க்கும் ஒரே அளவாய்க் கிட்டுவதில்லை. கிட்டிய தலைமுறை அதனை வீணாக்காதிருத்தல் கடன்.

விளக்கின் கீழ் நடந்தவை

உயிருள்ள ஒவ்வொரு கலத்திலும் பரம்பரைச் செய்தியைச் சுமப்பவை நியூக்கிளிக் அமிலங்கள். அவற்றின் எழுத்துக்களைப் போன்ற மூலங்களுள் ஒன்று அடினின். அந்த அடினினோடு றைபோசு என்னும் வெல்லம் சேர்ந்தால் அடினோசின். அதனோடு பொசுபேற்றுக்கள் மூன்று தொடராய்ச் சேர்ந்தால் அடினோசின் முப்பொசுபேற்று. உயிர்கள் யாவும் தம் வேலைக்கு வேண்டிய சக்தியை இப்பொருளின் வாயிலாகவே செலவிடுகின்றன. கொழுந்துக் கூடையைச் சுமந்து மேடேறும் தாயின் தசையிலும், அவள் கிள்ளிய கொழுந்திலும், அதைக் கடிக்கும் பூச்சியிலும் இருப்பது இதே பொருள்தான். எல்லா உயிர்க்கும் பொதுவான இது மிகத் தொன்மையானதாய் இருத்தல் வேண்டுமென்று பொன்னம்பெரும கருதினார்.

1963 ஆம் ஆண்டில் அவரும் கூட்டாளிகளும் தொடர்ச்சியாகப் பல கட்டுரைகளை வெளியிட்டனர். கல்வின் முதலியோருடன் வெளியிட்ட ஒன்றில், மெதேன், அமோனியா, நீர் ஆகியவற்றின் கலவைமீது இலத்திரன் கற்றையைச் செலுத்தியபோது அடினின் உண்டானதைக் காட்டினர். பின்னர் காள் சேகன், ரூத் மரைனர் ஆகியோருடன் சேர்ந்து, அடினினும் றைபோசும் கரைந்த நீரிலே பொசுபோரிக் அமிலம் சேர்த்து ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சி அடினோசினைப் பெற்றார். மூன்றாவதாக, பொசுபரசுச் சேர்வை ஒன்றைச் சேர்த்து அதே ஒளியைப் பாய்ச்சியபோது, அடினோசின் முப்பொசுபேற்றும் கிடைத்தது. பின்னிரு கட்டுரைகளும் இலண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் சஞ்சிகையிற் பிரசுரமாயின.

கிடைத்ததோ மிகச் சிறிய அளவு. அதனை எவ்வாறு கண்டுபிடித்தனர்? மையெழுத்தின்மீது நீர்த்துளி விழுந்தால் தாளிலே மை பரவி, நிறங்கள் தனித்தனியே பிரிந்து நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அம்முறையே பொருள்களைத் தாளிற் பிரித்தனர். அன்றியும், தொடக்கப் பொருளில் கதிர்வீசும் காபன் 14 ஐ அடையாளமாக வைத்திருந்தனர். பிரித்த தாளை எக்ஸ் கதிர்ப் படலத்தோடு ஒட்டிவைத்தால், காபன் 14 இருக்குமிடத்திற் கரும்புள்ளி விழும். கல்வின் பச்சையிலையின் இரகசியத்தை அறியக் கையாண்ட முறையும் இதுவே. குருவிடம் கற்ற வித்தையை மாணவர் வேறொரு வினாவுக்குப் பயன்படுத்தினார்.

அவ்வாண்டு ஒக்டோபரில் புளோரிடாவிலுள்ள வகுல்லா ஸ்பிறிங்ஸ் என்னுமிடத்தில் நடந்த மகாநாட்டிலே, முதுமையெய்திய ஒபாரினும் ஹோல்டேனும் முதன்முதல் நேரிற் சந்தித்தனர். நாற்பதாண்டுகளுக்கு முன் தாங்கள் ஊகித்தவற்றின் சோதனை முடிவுகளை இளையவர்கள் வாயிலாகக் கேட்டனர். அவ்வாறு தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தவர்களுள் பொன்னம்பெருமவும் ஒருவர்.

கணக்குச் சொன்ன காரணம்

இத்தனை மூலக்கூறுகள் இருக்க, உயிர் ஏன் அடினினைத் தெரிந்துகொண்டது? இங்கேதான் இரசாயனத்தின் மற்றொரு கிளை கைகொடுத்தது. குடுவையும் விளக்கும் இன்றி, சக்திச்சொட்டுப் பௌதிகத்தின் சமன்பாடுகளைக் கொண்டு மூலக்கூறின் இயல்பைக் கணித்தறிவது கணிப்பு இரசாயனம். பாரிஸ் நகரத்து பேர்ணாட் புல்மன், அல்பேற் புல்மன் என்னும் தம்பதியர் இத்துறையின் முன்னோடிகள். உயிர்களிற் காணப்படும் பியூரின் வகை மூலங்களுள் அடினினுக்கே பரிவுச் சக்தி மிகுதி என்று அவர்கள் கணித்தனர். அதாவது, அதன் இலத்திரன்கள் ஓரிடத்தில் ஒடுங்காது வளையம் முழுவதும் பரவி நிற்பதால், அது எளிதிற் குலையாது. பொன்னம்பெருமவும் நண்பர்களும் இக்கணிப்பைத் தம் வாதத்துக்கு ஒரு தூணாக்கினர். அன்றியும், ஆதி வாயுமண்டலத்தினூடே 240 முதல் 290 நானோமீற்றர் வரையான அலைநீளமுள்ள ஒளி நுழைந்திருக்கக்கூடும் என்றும், அடினின் மிக நன்றாக உறிஞ்சுவது ஏறக்குறைய 260 நானோமீற்றர் ஒளியையே என்றும் சுட்டிக்காட்டினர். திறந்திருந்த சாளரமும் அதன் வழி வந்த ஒளியை ஏற்கும் பொருளும் பொருந்தி நின்றன.

அவர் நாட்டிய இவ்விரு தூண்களும் பின்வந்தோரால் வலுப்பெற்றன. ஐதரசன் சயனைட்டு என்னும் நச்சுப்பொருளின் ஐந்து மூலக்கூறுகள் சேர்ந்தால், அணுக்கணக்கில் ஓர் அடினின் ஆகும். உயிரைக் கொல்லும் நஞ்சின் ஐந்து பங்கு உயிருக்கு வேண்டிய ஒரு பொருளாவது இயற்கையின் விந்தையன்றோ! 1961 இலே வெளிவந்த முடிவுகளில் ஹுவான் ஓரோ என்பவர் சயனைட்டுக் கரைசலைச் சூடாக்கி அடினினைப் பெற்றிருந்தார். 1966 இல் ஜேம்ஸ் பெரிஸ், லெஸ்லி ஓர்கல் ஆகிய இருவரும், நான்கு சயனைட்டு மூலக்கூறுகள் சேர்ந்த இடைப்பொருளை ஒளி மாற்றியமைத்து அடினினுக்கு வழிதிறப்பதைக் காட்டினர். ஆனால் அம்மாற்றம் எந்தெந்தப் படிகளால் நடைபெறுகிறதென்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை. 2013 இலேதான் ஜேர்மனியில் வால்ட்டர் தீல், மாரியோ பார்பாட்டி முதலியோர் கணனியின் துணையால் அப்படிகளைக் கணித்து வெளியிட்டனர்.

இன்னொரு செய்தி இதனினும் வியப்பானது. ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சிய அடினின், அச்சக்தியை ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு அளவான நேரத்தில் வெப்பமாக்கி வெளியே தள்ளிவிடுகிறது. தன்னை உடைக்கக்கூடிய அடியைத் தாங்கிக்கொள்ளாமல், உடனே உதறிவிடுகிறது. அதிவிரைவு லேசர்ச் சோதனைகளும் கணிப்பு இரசாயனமும் சேர்ந்து இதனை நிலைநாட்டியுள்ளன. ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஒளியின் கீழ் நிலைத்து நிற்பது எதுவோ அதுவே உயிரின் கட்டடத்துக்குக் கல்லாயிற்று என்று கருத இது இடந்தருகிறது.

விண்ணிலிருந்து வந்த சாட்சி

1969 யூலையில் மனிதன் சந்திரனில் இறங்கினான். அங்கிருந்து கொண்டுவந்த மண்ணில் உயிர்ப்பொருட் கூறுகள் உளவா என்று ஆராய நியமிக்கப்பட்டவர்களுள் பொன்னம்பெருமவும் ஒருவர். உயிரின் சுவடு எதுவும் அதிற் காணப்படவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டெம்பர் 28 இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னும் ஊரில் ஒரு விண்கல் வீழ்ந்தது. 1970 இல் அவரும் கூட்டாளிகளும் அதனுள்ளே அமினோ அமிலங்கள் இருத்தலை அறிவித்தனர். பூமியிலுள்ள உயிர்கள் தம் புரதங்களிற் பெரும்பாலும் இடக்கை வடிவத்தையே ஆள்வன. விண்கல்லிலோ இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறக்குறையச் சம அளவில் இருந்தன. புரதங்களில் வாராத அமிலங்களும் இருந்தன. ஆகவே அவை தொட்டவர் கையிலிருந்து ஒட்டியவையல்ல, விண்ணிலேயே உண்டானவை என்பது தெளிவாயிற்று. 1971 இல் மேரிலாந்துச் சர்வகலாசாலைக்குச் சென்று, இரசாயனக் கூர்ப்புக்கென ஓர் ஆய்வுகூடத்தை அவர் நடத்தினார். அவர் மறைந்து முப்பதாண்டுகள் ஆனபின், 2025 தொடக்கத்தில், பென்னு என்னும் சிறுகோளிலிருந்து கொண்டுவரப்பட்ட தூளில் அடினின் உட்பட நியூக்கிளிக் அமிலங்களின் ஐந்து மூலங்களும் காணப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

முடிவு என்ன?

இவற்றைக் கேட்டு, விஞ்ஞானிகள் உயிரையே படைத்துவிட்டனரோ என்று பெரியோர் சிலர் ஐயுறலாம். படைத்துவிட்டனர் என்று இளைஞர் சிலர் வாதிடலாம். இரண்டும் பொருந்தா. பொன்னம்பெரும பெற்றது உயிரன்று. உயிர் வாழும் உடம்பின் கூறுகளாகிய பொருள்களே. அவற்றிலும் குறைகள் உண்டு. அவர் கையாண்ட பொசுபரசுச் சேர்வை ஆதிப் பூமியில் இருந்திருக்கும் என்பதற்கு ஆதாரம் போதாதென்று விமரிசித்தோர் உளர். றைபோசு நெடுநாள் நிலையாத வெல்லம். ஆதி வாயுமண்டலத்தில் மெதேனும் அமோனியாவும் நிறைந்திருந்தன என்ற கருத்தும் இன்று தளர்ந்துவிட்டது. காபனீரொட்சைட்டும் நைதரசனுமே மிகுந்திருந்தன என்போர் பலர். 2009 இல் இங்கிலாந்தில் ஜோன் சதர்லாந்து குழுவினர் வேறொரு வழியாக நியூக்கிளியோற்றைடுகளை ஆக்கிக் காட்டினர். தனி றைபோசைத் தொடாத அந்த வழியிலும் ஊதாக்கடந்த ஒளிக்கு ஒரு பங்கு உண்டு. வழி மாறினும் விளக்கு அணையவில்லை.

சைவசித்தாந்தம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி என்கிறது. உயிராகிய பசு என்றுமுள்ளது. உடம்பே மாயையிலிருந்து ஆக்கப்படுவது. விஞ்ஞானி உயிர் என்று வழங்கும் சொல்லும், சித்தாந்தி உயிர் என்று வழங்கும் சொல்லும் ஒரே பொருளன. அல்ல என்பதை முதலில் உணர்ந்தால், வீண்சண்டை பல ஒழியும். குடுவையில் விளைந்தது அடினின். அதனால் ஆன்மா உண்டென்றும் நாட்டப்படவில்லை, இல்லையென்றும் நாட்டப்படவில்லை. ஆனால் உடம்பின் மூலப்பொருள் எவ்வாறு வந்ததென்ற வினாவுக்குச் சோதனையாற் பெறும் விடையை, அது நம் முன்னோர் கூறாதது என்பதற்காக மாத்திரம் தள்ளுவது அறிவுடைமையாகாது. வினாவைச் சோதிக்கத்தக்க வடிவில் வைத்தது பொன்னம்பெருமவின் பெருமை. அவர் விடையின் குறைகளைப் பிறர் காணக்கூடியதாயிருந்ததும் அவ்வடிவினாலேயே.

1984 இல் அவர் தாய்நாட்டில் அடிப்படை ஆய்வுகள் நிறுவனத்தின் பணிப்பாளர் பொறுப்பை ஏற்றார். 1994 டிசெம்பர் 20 இல் வாஷிங்டனிற் காலமானார். கண்டி ஹந்தானை மலைச்சாரலில் இயங்கும் அந்நிறுவனத்திலே ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி வேறுருவில் வளர்ந்தது. பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் குழுவினர், சாயத்தின் துணையால் வெயிலை மின்சாரமாக்கும் கலத்தில் திரவத்துக்குப் பதிலாகத் திண்மப் பொருளைப் பயன்படுத்தி, 1995 இல் அம்முடிவை வெளியிட்டு உலகின் கவனத்தைப் பெற்றனர். தாவரச் சாயங்களையும் அவ்வாறு ஆராய்ந்தனர்.

வலப்பனையிலிருந்து அந்த மலைச்சாரல் தொலைவன்று. ஹங்குராங்கெத்தை வழியாகக் கண்டி செல்லும் பஸ்ஸில் ஏறினால் அரைநாளுள் அடையலாம். எங்கள் தோட்டப் பிள்ளைகள் விஞ்ஞானத்தைப் பரீட்சைக்கு மனனஞ் செய்யும் பாடமென்று மாத்திரம் கருதாது, வினாவொன்றைப் பற்றிக்கொண்டு பல்லாண்டு உழைக்கும் தவமென்று கருதுவாராக. அவ்வாறு கருதும் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி, சங்கத்து வாசிகசாலையிற் கேட்கும் கேள்வியைப் பெரியோர் அதட்டி அடக்காது, அதற்குரிய நூலைத் தேடிக்கொடுப்பாராக. இச்சங்கம் இவ்வாண்டு செய்யத்தக்க பணி வேறு பல இருப்பினும், இது அவற்றுள் ஒன்றாகட்டும்.